மேடு வருது சாந்தா

முதல் வண்டியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், முகத்தில் எதையும் காட்டக் கூடாதென்று. காட்டினால் இந்த மனுசர் கண்ணாடியில் பார்த்துவிடுவார். ரோட்டைப் பார்ப்பதைவிட அந்தச் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதுதான் ஒரு வருசமாக இவருக்கு வேலை. கல்யாணமான புதிதில் இப்படிப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அப்போதெல்லாம் டிராக்டரை விட்டால் மோட்டார் ரூம், மோட்டார் ரூமை விட்டால் டிராக்டர். பின்சீட்டில் இடது பக்கம் நான், இடுப்புக்குப் பின்னால் வீட்டிலிருந்து தூக்கி வந்த இலவம்பஞ்சுத் தலையணை, கை ஜன்னலுக்கு மேலே இருக்கிற பிடியில். முன்சீட்டில் ஷோரூம் பெண் யாஸ்மின், பாதி திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறாள். இரண்டு வண்டிக்கும் உடம்பு ஒன்று, இன்ஜின் ஒன்று, சீட்கூட ஒன்றுதானாம், சக்கரத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற சஸ்பென்ஷன் மட்டும் வேறு. இது சாதாரணம், அடுத்து ஏறப்போவது அடாப்டிவ். ஒரே ரோட்டில் இரண்டையும் ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும் என்று இவர் பிடிவாதமாகச் சொன்னதால் வாய்க்கால் பாலம், பள்ளிக்கூடம், ரயில்வே கேட் என்று பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு சுற்று. ரோட்டில் இருக்கிற சின்னச் சின்னக் கொப்புளமெல்லாம் சீட் வழியாக வந்து சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போகிறது. அதுகூடப் பரவாயில்லை, பிடித்துத்தான் இருக்கிறது, புது வண்டி வாசனை, ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு, வரப்பில் கொக்கு, அடேயப்பா எத்தனை கொக்கு, ரேணுவிடம் சொல்ல வேண்டும். "மேடு வருது சாந்தா." வந்துவிட்டது. பாலத்து மேடு. ஏறி, ஒரு அமுக்கு அமுக்கி இறங்கி, அதோடு அடங்கிவிட்டது வண்டி. நான் அடங்கவில்லை, இடுப்பின் இடது ஓரத்தில் அந்தக் கம்பி, சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி மெல்லிசாக ஒன்று, சுருக்கென்று தொடைவரை ஓடி நின்றது. முகத்தைக் காட்டக் கூடாது. "எப்புடி இருக்குது?" என்றார் கண்ணாடி. "நல்லாத்தான் இருக்குதுங்" என்றேன், கொக்கைப் பார்த்தபடி.

மேடு வருது சாந்தா, பள்ளம் சாந்தா, ரோடு ஒடைஞ்சிருக்குது சாந்தா, நல்லாப் புடிச்சுக்கோ. பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சொல்கிற மாதிரி ஒரு வருசமாக இதே பாட்டு. வண்டிக்குள்ளே மட்டுமா. போன தையில் மச்சாண்டார் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அட்சதை போட மேடை ஏறும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி "மேடு சாந்தா" என்றாரே, போட்டோ எடுக்கிறவர் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது. அந்தப் போட்டோவில் நான் மட்டும் உர்ரென்று இருக்கிறேன். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அந்தச் சாயங்காலம், பழைய காரில் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார், எப்போதும் அடிக்கிற சீட்டிதான், எந்தப் பாட்டு என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்துத் தாமே தைத்துக்கொண்டது. மேட்டில் ஏறினால் சீட்டி ஒரு துள்ளு துள்ளி உடையும், உடைந்த இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்வார். நூல் மில் வாசலில் பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை, மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை, வண்டி எகிறி விழுந்தது, சீட்டி உடைந்தது, நான் "அம்மா" என்றேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன், இடுப்பு பெல்ட். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, டிஸ்க் தேய்மானம் பல வருசமா இருக்குதும்மா, அன்னிக்கு இல்லைன்னா இன்னொரு நாள் கோலம் போடக் குனியும்போது ஆகியிருக்கும் என்றார். இவர் காதில் அன்னிக்கு என்கிற ஒரு சொல்தான் விழுந்தது. மீதியெல்லாம் காற்றோடு போயிற்று. அன்றிலிருந்து மில் ரோட்டுப் பக்கமே வண்டியைத் திருப்புவதில்லை, கடைவீதிக்குப் போக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறோம். சீட்டியும் இல்லை. சீட்டி அடித்த வாயால்தான் இந்தக் கண்டக்டர் வேலை.

"பள்ளிக்கூடத்து மேடு, பெருசு, புடிச்சுக்கோ." பிடித்துக்கொண்டேன். தோள், வயிறு, கால் விரல் வரைக்கும் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. தடக். கம்பி ஓடியது. இந்த வண்டி வேண்டாம் போலிருக்கிறதே. பாவம் வண்டி, நல்ல வண்டி, வளைவில்கூட மரியாதையாகத்தான் திரும்புகிறது. எங்கள் அப்பா மாதிரி இது, கலெக்டர் வந்தாலும் பால்காரர் வந்தாலும் ஒரே முகம். ஆனால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேலே எஸ்டேட் ரோடு, அது ரோடே இல்லை, கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். அங்கேதான் ரேணு இருக்கிறாள். என் தங்கச்சி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, ரிட்டயர் ஆகியும் கீழே இறங்காதவள். இறங்க முடியாதவள் என்றுதான் சொல்ல வேண்டும், மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாள். என் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்று வீம்பாக இறங்கி வந்தாள், வந்து சேர்ந்தபோது அவளுக்கும் சேர்த்து ஒரு கட்டில் போட்டு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் யாருக்கு ஆரஞ்சு கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். வலியோடு வலியாக அன்றைக்குச் சிரித்ததுதான் கடைசிச் சிரிப்பு. அப்புறம் எல்லாம் ஃபோனில். காலையில் அவள் மழையைப் பற்றிச் சொல்வாள், நான் வெயிலைப் பற்றிச் சொல்வேன். டாக்டர் எப்போதோ போகலாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் ஆழியார் தாண்டி மலை தொடங்குகிற இடத்தில் என்னால் முடியவில்லை, மரத்தடியில் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். மேலே அவள் எனக்காக ஆக்கி வைத்த சோற்றைத் தனியாகத் தின்றிருக்கிறாள். இரண்டாவது தடவை, "அடுத்த வாட்டி கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லாதக்கா, வந்து நின்னதுக்கப்பறம் சொல்லு" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பழைய கார்தான் காரணம் என்று இவர் முடிவு செய்து, அதனால்தான் இன்றைக்கு இந்த ஷோரூம், இந்தச் சுற்று. இதிலும் முடியாதென்றால் ரேணு எனக்கு இனிமேல் வெறும் குரல்தான். அதை நினைக்கக் கூடாது. கொக்கைப் பார். ரயில்வே கேட் வருகிறது, "தண்டவாளம் சாந்தா", கம்பி.

இரண்டாவது வண்டி. அதே வெள்ளை, அதே சீட், என் அதே தலையணை. ஏறியதும் யாஸ்மின் விளக்க ஆரம்பித்துவிட்டாள், நல்ல பெண், காதில் சின்னக் கல்லுத் தோடு, பேசும்போது அதுவும் கூட ஆடுகிறது. "இது ரோட்டப் பாத்துப் பாத்துத் தன்னையே மாத்திக்குங்கம்மா. சக்கரம் ஏறுன ஒடனே, இது பள்ளமா மேடான்னு கண்டுபுடிச்சு அதுக்குத் தக்கன மெத்துன்னும் ஆயிக்கும், கெட்டியாவும் ஆயிக்கும்." மாமியார் முகத்தைப் பார்த்து நடந்துகொள்கிற மருமகள் என்று சொல். நான்கூட முதல் இரண்டு வருசம் அப்படித்தான் இருந்தேன், அப்புறம் சாதாரண சஸ்பென்ஷன் ஆகிவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடி உடனே "என்ன, வலிக்குதா?" என்றது. சிரித்தாலும் வலி, சிரிக்காவிட்டாலும் வலி இந்த மனுசருக்கு. வண்டி நகர்ந்தது. அட. ஆமாம், வேறுதான். சௌக்கியம் விசாரித்த கொப்புளங்களைக் காணோம், யாரோ ரோட்டுக்கு இஸ்திரி போட்டுவிட்டுப் போன மாதிரி. கீழே சக்கரம் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது, மேலே நமக்குச் சேதியே வரவில்லை. "மேடு வருது சாந்தா." பாலம். பிடித்துக்கொண்டேன். வண்டி எழும்பியதும் தெரியவில்லை இறங்கியதும் தெரியவில்லை, மிதந்து போனது. கம்பி? ஓடியது. ஓடத்தான் செய்தது. இதிலுமா. இவ்வளவு மெத்தென்று போகிற வண்டியிலுமா. அப்படியானால் கோளாறு என் உடம்பில்தான், வண்டியில் இல்லை, இனி எந்தக் கம்பெனி என்ன கண்டுபிடித்தாலும் ரேணு வெறும் குரல்தான். கண்ணில் நீர் முட்டியது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்னால் இவர் ஏதோ பித்தானை அமுக்கி, "இப்ப ஸ்போர்ட்டா? ஸ்டியரிங்கே கனமாயிருச்சே!" என்று குழந்தைபோலக் கேட்கிறார், அவள், "ஆமாங் சார், இப்பத் திருப்பி கம்ஃபர்ட்டுல போடுங்க, வித்தியாசத்தப் பாருங்க" என்கிறாள், இவர் போடுகிறார், மறுபடி மாற்றுகிறார், "அடடடா" என்கிறார். அந்த அடடடாவைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. மோட்டார் புதிதாகத் தண்ணீர் எடுத்தபோது இப்படிச் சொன்னார். சந்தோசப்படட்டும். ஒரு வருசமாக இந்த மனுசர் எதையும் ரசித்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட மதில் போய்க்கொண்டிருக்கிறது, மதிலில் திருக்குறள், மணி அடிக்கிறது, வேப்பமரத்தடியில் மாங்காய்க் கீற்று விற்கிற அம்மா, மிளகாய்ப்பொடி நெடி இங்கே வரைக்கும், வாயில் எச்சில். மாங்காய் வாங்கிக்கொண்டு போகலாம் ரேணுவுக்கு. எங்கே போகிறது. சும்மா நினைப்பு.

இரு. பள்ளிக்கூடம் போய்விட்டதா? திரும்பிப் பார்த்தேன், இடுப்பைத் திருப்பித்தான் பார்த்தேன், பின்கண்ணாடியில் அந்த மேடு, மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த பெரிய மேடு, பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஏறியாயிற்று. இறங்கியாயிற்று. எப்போது? மாங்காயின்போதா? தொபுக்கென்று ஏதோ ஒன்று இருந்தது, ஆமாம், லேசாக உட்கார்ந்து எழுந்த மாதிரி, இருந்தது. கம்பி ஓடவில்லை. அதிசயம்தான், பெரிய மேட்டுக்கு ஓடவில்லை, சின்னப் பாலத்துக்கு ஓடியது. அப்போது ஸ்போர்ட்டில் இருந்ததோ கம்ஃபர்ட்டில் இருந்ததோ, கேட்கலாமா, வேண்டாம். ஏன் ஓடவில்லை? மாங்காயை நினைத்தேன், ரேணுவை நினைத்தேன். பாலத்திலும் ரேணுவைத்தானே நினைத்தேன். பாலத்தில் என்ன இருந்தது இங்கே என்ன இல்லை? "தண்டவாளம் சாந்தா, புடிச்சுக்கோ!" தோள் பிடித்தது, வயிறு பிடித்தது, கால் விரல் செருப்புக்குள் மடங்கியது, கம்பி சுருக்கென்று தொடைவரைக்கும் ஓடியது. ஓடிய பிறகுதான் வண்டி தண்டவாளத்தில் ஏறியது. ஓடிய பிறகுதான். நான் சரியாகத்தான் கவனித்தேனா? ரயில்வே கேட் அதோ ஜன்னலுக்கு வெளியே இப்போதுதான் போகிறது, வலி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கை பிடியிலேயே இருக்கிறது, விரல் வெளுத்திருக்கிறது. கையை எடுத்து மடியில் வைத்தேன். வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடு என்கிற சொல்தான். இவர் சொல்கிறார், நான் இறுக்குகிறேன், இறுக்கியது வலிக்கிறது, வலித்தது அவருக்குக் கண்ணாடியில் தெரிகிறது, அதனால் அடுத்த மேட்டுக்கு இன்னும் சத்தமாகச் சொல்கிறார். மேட்டுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அட ராமா. ஒரு வருசம். ஆழியார் மரத்தடியில் இரண்டு கட்டுச்சோறு.

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஒரு வருசமாக நீங்கள் என்னைக் காப்பாற்றியதுதான் எனக்கு வலித்தது என்று ஒரு மனுசரிடம் எப்படிச் சொல்வது? மனசு உடைந்துவிடுவார். வெளியே வீறாப்பு, உள்ளே தேங்காய்த் துருவல் இந்த ஆள். ஆஸ்பத்திரியில் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதவர். இவ்வளவு ஆசை ஒருத்தர் நம்மேல் வைத்துக்கொண்டு தினமும் அதைக் கத்திச் சொன்னால் நாம் பயந்துபோகிறோம், அவ்வளவுதான், யாரும் குற்றவாளி இல்லை. ஷோரூம் வந்துவிட்டது. யாஸ்மின் இறங்கப் போனாள். "ஏனுங்" என்றேன், "மொத வண்டியில இன்னொருக்கா போலாமுங்களா?" இவருக்குப் புரியவில்லை. "அதுலதான் வலிச்சுதே, மூஞ்சியப் பாத்தனே. இது நல்லாருக்குது, இதையே எடுத்துக்கலாம்." நான் சொன்னேன், "இதுலயும் வலிச்சுதுங். பள்ளிக்கூடத்துல மட்டும் வலிக்கல. ஏன்னு தெரியுமா?" இவர் யாஸ்மினைப் பார்த்தார், அவள் என்னைப் பார்த்தாள். "அங்க மட்டுந்தான் நீங்க சொல்லல." சொல்லிவிட்டேன். கண்ணாடியில் இல்லாமல் நேராகத் திரும்பி என்னைப் பார்த்தார், கண் சிவந்துவிட்டது. "நான் சொல்லறதாலயா?" "சொன்னா ஒடம்பு முறுக்கிக்குதுங். அதுக்கு என்ன தெரியும், சொன்ன பேச்சக் கேக்குது, கட்டுனவளாட்டமா." யாஸ்மின் சிரிப்பை அடக்கத் தோட்டைப் பிடித்துக்கொண்டாள். இவர் சிரிக்கவில்லை. "எங்க போறது?" என்றார். "மில் ரோட்டுக்கு" என்றேன்.

முதல் வண்டி. அப்பா மாதிரி வண்டி. தலையணையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டேன். பிடியைத் தொடவில்லை. என்ன நெஞ்சு இப்படி அடிக்கிறது, கல்யாணத்தன்று மணவறைக்கு நடந்தபோது அடித்த மாதிரி. இவர் கழுத்துப் பின்னால் வேர்த்திருக்கிறது, ஏசி போட்டும் வேர்த்திருக்கிறது. ஒரு சொல் பேசவில்லை. ரோட்டுக் கொப்புளங்கள் சீட் வழியாக வந்து விசாரித்தன, வாங்க வாங்க என்றேன் மனசுக்குள். மில்லின் புகைக்கூண்டு தெரிகிறது, அப்புறம் நீளச் சுவர், அப்புறம் டீக்கடை. இந்த ஒரு வருசத்தில் டீக்கடைக்குப் புது ஷெட் போட்டிருக்கிறார்கள். வேகத்தடை எங்கே இருக்கிறது, நான் தேடக் கூடாது, தேடினால் உடம்புக்குத் தெரிந்துவிடும். மாங்காயை நினை. ரேணு வீட்டு வாசற்படியை நினை, அவள் போடுகிற கருப்பட்டிக் காப்பி, டம்ளரைச் சுற்றி முந்தானையைச் சுற்றிக்கொண்டு குடிப்போமே, மூக்கு மட்டும் குளிரும். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிகிறது. பார்த்தாயா, இப்போது நான்தான் கண்ணாடியைப் பார்க்கிறேன். பயப்படாதீங்க, எனக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பரவாயில்லை, நீங்கள் அந்த உதட்டை விடுங்கள், புண்ணாகப் போகிறது, தடக். ஏறியது. இறங்கியது. இடுப்பு குலுங்கியது, நன்றாகவே குலுங்கியது, வயிறும் குலுங்கியது, காது ஜிமிக்கி கன்னத்தில் மோதியது. கம்பியைத் தேடினேன். இடது ஓரத்தில் தேடினேன், தொடையில் தேடினேன். குலுங்கியதோடு சரி.

வண்டி மெதுவாகி, டீக்கடையைத் தாண்டி ஓரத்தில் நின்றது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடு சாந்தா" என்றார். "தெரியுமுங். ஏறி எறங்கியாச்சு" என்றேன். முதலில் யாஸ்மின்தான் சிரித்தாள், பாவம் எவ்வளவு நேரம் அடக்குவாள், அப்புறம் நான், இடுப்பைப் பிடிக்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், இவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கே தெரியவில்லை, துண்டால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார். திரும்புகிற வழியில் இவர் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாதே, கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிட்டது, அந்தச் சீட்டி, முதலில் வெறும் காற்று, அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் அதே அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம். பாலத்தில் ஏறும்போது ஒரு துள்ளு துள்ளி உடைந்தது, உடைந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார். ஓகோ, இதுதான் பாலமா என்று தெரிந்துகொண்டேன். ஷோரூம் வாசலில் யாஸ்மின் கேட்டாள், "ரெண்டுல எதுங்கம்மா பிடிச்சிருக்குது?" இவர் முந்திக்கொண்டு, "அடாப்டிவ்வே எடுத்துக்கலாம், ஒரு அசைவு தெரியாது" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அதில் போனால் நாற்பது வளைவு, எஸ்டேட் கல்ரோடு, ஒரு இடத்தில்கூட உடையாத சீட்டி. "வேண்டாமுங், அது ரொம்ப நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு முதல் வண்டியைக் கையால் தட்டிக்காட்டினேன். ஃபோனில் ரேணுவின் நம்பரை எடுத்தேன், பிறகு வந்து நின்னதுக்கப்பறம் சொல்லு என்று அவள் சொன்னது நினைவு வந்து, கூப்பிடாமல் பைக்குள் வைத்துவிட்டேன்.